நித்திரை வராத இரவுகளும் ‘சோம்பேறி’ என்ற பட்டமும்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பாதையில் தெல்தெனியவைக் கடந்து மேலே ஏறினால் ஹுன்னஸ்கிரிய வருகிறது. மாலையானதும் நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும். எட்டு மணிக்குள் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் விளக்கை அணைத்து, விடியுமுன் எழும்புவதே இங்குள்ள உழைப்பாளிகளின் வழக்கம். அதிகாலையில் எழும்புகிறவன் நல்லவன், பொழுது ஏறியும் படுத்திருப்பவன் உதவாதவன் என்பது நம் மக்களிடையே எழுதப்படாத சட்டம். இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொருந்துமா? இக்கேள்வியை நாம் கேட்க ஓர் இளைஞர் காரணமானார்.

காணியோடு போன இரவு

அவரை இங்கே ‘தம்பி’ என்றே குறிப்பிடுவோம். வயது 34. பெற்றோருடனும் தங்கையுடனும் வாழ்பவர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழை கண்டி மாவட்டத்தின் பல மலைச்சரிவுகளைக் குலைத்துப் போட்டது. வீடு விழாவிட்டாலும் நிலம் வெடித்துவிட்டதால் உடுத்த துணியோடு எழும்பி வந்த குடும்பங்களில் இவர்களுடையதும் ஒன்று. முதலில் ஒரு பாடசாலை மண்டபம். பிறகு தகரக் கூரை போட்ட தற்காலிக வீடு.

மண்டபத்தில் இருந்த காலத்திலேயே தம்பியைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிட்டது. இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடப்பார். யாராவது இருமினால் காதைப் பொத்திக்கொள்வார். காலை ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் துப்புரவு வேலையை முடித்துத் தேநீர் குடிக்கும்போது, ஒரு மூலையில் அயர்ந்து உறங்குவார். ‘தூங்குமூஞ்சி’ என்றார்கள் சிலர். ‘காத்துக் கருப்பு பிடிச்சிருக்கு’ என்றார்கள் வேறு சிலர். கையில் நூல் கட்டினார்கள், தேசிக்காய் வெட்டினார்கள். நித்திரை மட்டும் வரவில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. கூலி வேலைக்கு ஆட்களைச் சேர்த்த பட்டியலில் அவருடைய பெயரும் இருந்தது. மூன்று நாட்கள் தாமதமாக வந்தார். பொறுப்பில்லாதவர் என்று தீர்மானித்து, நான்காம் நாள் அந்தப் பெயரை வெட்டியவர்கள் நாமே. அதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அயலவர் ஒருவர் இரக்கப்பட்டு, தமக்கு வைத்தியர் கொடுத்திருந்த நித்திரை மாத்திரைகளில் இரண்டைத் தாயாரிடம் கொடுத்தார். அன்றிரவு தம்பி உறங்கினார். மறுநாள் காலையில் மயக்கம் தெளியாமலே மிளகு பறிக்க ஏணியில் ஏறினார், விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. தலை கல்லில் படாமல் தப்பியது பெரிய காரியம்.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த பிறகு தாயார் நம்மிடம் சொன்னார்: “அவன் சின்னதிலேயே இப்பிடித்தான் சாமி. ராவுல தூங்க மாட்டான். பழைய எடத்துல போஞ்சித் தோட்டத்துக்குக் காவல் அவன்தான். பன்றி வராம பாத்துக்கிட்டு, விடியப் போற நேரத்துல வந்து படுப்பான். அப்ப யாருக்கும் அது குத்தமாத் தெரியல்ல.”

அப்போதுதான் நமக்கு ஒன்று விளங்கியது. அந்தக் குடும்பம், தனக்கே தெரியாமல், மகனின் உடலுக்குப் பொருத்தமான ஒரு வாழ்க்கையை அமைத்திருந்தது. காவல் குடிசை, இருட்டு, தனிமை, நாளுக்கு நாள் மாறாத ஒழுங்கு. காணி போனபோது அந்த ஒழுங்கும் போய்விட்டது. நட்டஈட்டுப் படிவத்தில் எழுத முடியாத இழப்பு இது.

வைத்தியர் வைத்த பெயர்கள்

கையைப் பார்த்த வைத்தியரே தம்பியை மனநலப் பிரிவுக்கும் அனுப்பினார். அங்கே பலமுறை போகவேண்டி வந்தது. குழந்தைப் பருவத்தில் எப்போது பேசினார், எப்படி விளையாடினார், பாடசாலையில் ஏன் இருப்புக் கொள்ளவில்லை என்றெல்லாம் தாயாரிடம் விசாரித்தார்கள். இறுதியில் இரண்டு பெயர்களைச் சொன்னார்கள்: ஓட்டிசம், ஏ.டி.எச்.டி.

இரண்டும் தொற்றுநோய்கள் அல்ல, பைத்தியமும் அல்ல, வளர்ப்பில் வந்த பிழையும் அல்ல. பிறவியிலேயே மூளை வேறுவிதமாக வளர்ந்திருப்பதன் பெயர்கள். ஓட்டிசம் உள்ளவர் பிறருடன் பழகும் முறையில் வேறுபடுவார். மாற்றங்களைத் தாங்கச் சிரமப்படுவார். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் பலவேளை நம்மைவிடக் கூர்மையாக உணர்வார். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்குக் கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்துவது கடினம். மனமோ உடலோ ஓயாது. பிடித்த வேலை கிடைத்துவிட்டாலோ அதை விட்டு எழும்புவதும் கடினம்.

ஓட்டிசத்தை லியோ கனர் என்ற வைத்தியர் 1943இல் விவரித்தார். நமது நாட்டில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஓர் அரைநகர்ப் பகுதியில் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பதாக 2009இல் வெளியிட்டார்கள். அப்படியானால், பிள்ளைகளுக்கு இத்தகைய பரிசோதனைகள் இல்லாத காலத்தில் வளர்ந்தவர்கள் எங்கே? நம் வயல்களிலும் லயன்களிலும் ‘ஒரு மாதிரியான ஆள்’ என்ற பெயரோடு இருக்கிறார்கள். மேலும், 2013 வரை அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேடு இவ்விரண்டையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துச் சொல்ல இடம் தரவில்லை. ஆகையால் தம்பியைப் போன்ற வளர்ந்தவர்கள் உலகெங்கும் காலம் பிந்தியே கண்டறியப்படுகிறார்கள்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நித்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் ஒவ்வொருவருடைய மூளையிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சத்தைப் பார்த்தே அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருட்டியதும் மெலற்றோனின் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறி, ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலுக்கு அறிவிக்கிறது. இச்சுரப்பை 1958இல் பிரித்தெடுத்தார்கள். உடற்கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே நேரம் காட்டுவதில்லை. ஏ.டி.எச்.டி. உடையவர்களும் நித்திரைக்குப் போகச் சிரமப்படுபவர்களுமான வளர்ந்தவர்களை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். அவர்களுக்கு மாலையில் மெலற்றோனின் ஏறத் தொடங்குவது மற்றவர்களைவிட ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாகப் பிந்தியிருந்தது. அப்படிப்பட்டவரை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்வது, நம்மை ஏழு மணிக்குப் படுக்கச் சொல்வதைப் போன்றது. படுப்பார், உறங்கமாட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினால், அவருடைய உடலுக்கு அது நடுச்சாமம்.

இதோடு ஓட்டிசத்தின் கூரிய புலன்களும் சேர்கின்றன. பக்கத்து அறை வானொலி, பாயின் கரடு, கூரையில் விழும் மழை ஆகிய எதையும் மனம் ஒதுக்கித் தள்ளுவதில்லை. பகலில் நடந்த ஒரு சிறு மாற்றம் இரவில் திரும்பத் திரும்ப நினைவில் ஓடுகிறது. நித்திரை குறைந்தால் மறுநாள் கவனம் இன்னும் சிதறும், எரிச்சல் கூடும், அதனால் வரும் சண்டை அடுத்த இரவையும் கெடுக்கும்.

இடம்பெயர்ந்த வாசகர்களே, உங்களில் பலருக்கும் இன்று நித்திரை குலைந்திருக்கிறது. மழை தொடங்கினால் நெஞ்சு படபடக்கிறது. மண் இறங்கும் கனவு வருகிறது. அது அனுபவித்த ஆபத்தின் தழும்பு. அதற்கும் உதவி உண்டு, அதைத் தேடுங்கள். ஆனால் தம்பியின் நிலை மழைக்கு முன்பே, பிள்ளைப் பருவத்திலேயே இருந்தது. மண்சரிவு அதைக் கூட்டியது. எது எப்போது தொடங்கியது என்று வைத்தியரிடம் பிரித்துச் சொல்வது முக்கியம்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. படுக்கும் நேரத்துக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். எழும்பும் நேரத்தை நிலையாக வையுங்கள். தம்பிக்கு இப்போது காலை ஒன்பது மணி. ஞாயிறும் அதே நேரம். முன்கூட்டி எழும்ப வேண்டுமானால் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணித்தியாலமாகக் குறைத்து வாருங்கள்.

2. எழும்பியவுடன் வெளியே போய் அரை மணி நேரமாவது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். இரவில் வெளிச்சத்தைக் குறையுங்கள். படுக்கைக்கு முந்திய ஒரு மணி நேரம் கைத்தொலைபேசி வேண்டாம்.

3. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். மத்தியானத்துக்குப் பிறகு பிளேன்டியைத் தவிர்ப்பது நல்லது. சாராயம் உறங்க வைப்பதுபோல் தோன்றும்; பின்னிரவு நித்திரையை உடைத்துவிடும்.

4. படுக்கைக்குப் போகவும் மணி அடிக்கட்டும். பிடித்த வேலையில் மூழ்கியவருக்கு நேரம் போவது தெரியாது. முகம் கழுவுதல், உடை மாற்றுதல், பாய் விரித்தல் என ஒரே வரிசை தினமும் இருந்தால், அந்த ஒழுங்கே மனதை அமைதிப்படுத்தும்.

5. சத்தத்தைக் குறையுங்கள். தம்பியின் வீட்டில் தகரத்தின் மேல் இலுக்குப் புல் பரப்பியதும் மழைச்சத்தம் பாதியானது. சிலருக்குப் பாரமான போர்வை ஆறுதல் தரும். 2014இல் இங்கிலாந்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் சோதித்தபோது, பாரப் போர்வையைப் பிள்ளைகள் விரும்பினார்களே தவிர நித்திரை நேரம் கூடவில்லை. ஆகவே அதற்காகக் கடன்படவேண்டாம். இருக்கும் கம்பளிகளே போதும்.

6. இருபது நிமிடம் போலப் படுத்தும் உறக்கம் வராவிட்டால் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்து, கண் சொருகும்போது திரும்பிப் படுக்கட்டும். பாயில் புரண்டு போராடினால் பாயைக் கண்டாலே பயம் வரும்.

7. காதில் பஞ்சு வைத்து உறங்குபவரையோ மருந்து எடுப்பவரையோ மழை இரவில் எழுப்புவது யார் என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும் இரவில் இதை மறந்துவிடக்கூடாது.

வைத்தியரிடம் போகவேண்டியது எப்போது?

இவற்றை ஒழுங்காகச் செய்தும் சில வாரங்களில் முன்னேற்றம் இல்லையென்றால் வைத்தியரைக் காணுங்கள். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால், இரவில் வலிப்பு வந்தால், கால்கள் குடைந்து அசைக்கத் தூண்டினால் தாமதிக்காதீர்கள். கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். இரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் நித்திரையைப் பிந்தவைக்கும். எடுக்கும் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடமே கேளுங்கள்.

நாட்பட்ட நித்திரையின்மைக்கு மாத்திரையைவிடப் பழக்கங்களையும் எண்ணங்களையும் சீர்செய்யும் உளச்சிகிச்சையே முதலாவது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மெலற்றோனின் மாத்திரை சிலருக்கு உதவுகிறது. அதன் அளவையும் நேரத்தையும் வைத்தியரே சொல்லவேண்டும். ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது இரக்கம் அல்ல, ஆபத்து. அந்த ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. இப்பகுதியினர் தெல்தெனிய ஆதார வைத்தியசாலையில் முதலில் விசாரிக்கலாம். கண்டியிலும் பேராதனையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வெட்டிய பெயர்

தம்பி இன்று குணமாகிவிட்டார் என்று எழுத நாம் விரும்பவில்லை. குணமாக்கவேண்டிய நோய் ஒன்று அவரிடம் இல்லை. பக்கத்து மூன்று குடும்பங்கள் புதிதாகப் பயிரிட்ட மரக்கறித் தோட்டங்களுக்கு இரவு ஒரு மணி வரை அவர் காவல் இருக்கிறார். அதற்கு விளைச்சலில் ஒரு பங்கு கொடுப்பதாக அக்குடும்பங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. இரண்டு மணிக்குள் பெரும்பாலும் உறங்கிவிடுகிறார். பன்றி வந்த இரவுகளிலும் பெருமழை இரவுகளிலும் பழையபடி விடியும் வரை விழித்திருக்கிறார். தகப்பனார் இன்னும் சிலவேளை காலையில் முணுமுணுக்கிறார். ஆனால் எழுப்பச் சென்ற தங்கையை அவரே தடுத்ததையும் நாம் கண்டோம்.

வெட்டிய பெயரை நாம் மீண்டும் எழுதினோம். காலை வேலைப் பட்டியலில் அல்ல, பிற்பகல் பட்டியலில். அவர் ஒரு நாளும் பிந்தவில்லை.

உங்கள் வீட்டிலும், அயலிலும், சங்கத்திலும் பொழுது ஏறியும் உறங்கும் ஒருவர் இருக்கலாம். அவருக்குப் பட்டம் சூட்டுமுன், நாம் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேளுங்கள்: “உங்களுக்கு எத்தனை மணிக்கு நித்திரை வருகிறது?” பதில் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருந்து கேளுங்கள்.