கல் கறுத்தால் எலியும் கறுக்குமா?

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலமும் மெக்ஸிகோ நாடும் சந்திக்கும் பாலைவனத்தில் பினகாட்டே என்றோர் எரிமலைப் பிரதேசம் இருக்கிறது. சுற்றிலும் வெளிர்நிறப் பாறைகள். நடுவே எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த கரும்பாறைகள். கன்னத்தில் பை உள்ள ஒருவகைச் சிற்றெலி இரண்டிலும் வாழ்கிறது. வெளிர்பாறையில் பெரும்பாலும் மணல் நிற எலிகள்; கரும்பாறையில் பெரும்பாலும் கரிய எலிகள்!

கரும்பாறையில் வாழ்ந்ததால் எலி கறுத்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அது தவறு. ஜீன்களில் தற்செயலாக மாறுதல்கள் நேர்கின்றன. கரும்பாறைமேல் ஓடும் வெளிர்நிற எலி ஆந்தையின் கண்ணுக்கு எளிதில் தப்பாது. கரிய எலி தப்பும், குட்டிகள் ஈனும். இதுவே இயற்கைத் தேர்வு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்று? 2003-ல் நாக்மன், ஹோக்ஸ்ட்ரா முதலிய விஞ்ஞானிகள், இந்த எலிகளின் நிறத்தை நிர்ணயிக்கும் ஒரு ஜீனை ஆராய்ந்தனர். அது உண்டாக்கும் புரதத்தில், கரிய எலிகளுக்கு 4 அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அடுத்து, 35 கிலோமீட்டர் தூரத்தில் ஆறு இடங்களைத் தேர்ந்து, பாறையின் நிறத்தையும் எலியின் நிறத்தையும் அளந்தனர், ஜீனையும் சோதித்தனர். பாறையின் நிறம் மாறிய இடங்களில் ஜீனும் மாறியது. 2004-ல் இம்முடிவு வெளியாயிற்று.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஒரு தெருவில் எல்லோருக்கும் சுருட்டை முடி இருந்தால், அத்தெருத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லலாமா? அவர்கள் எல்லோரும் உறவினர்களாக இருக்கலாம் அல்லவா? கரும்பாறை எலிகளும் ஒரே வம்சமாக இருந்தால், அவற்றின் எந்த ஜீனும் பாறையோடு பொருந்துவதுபோல் தோன்றிவிடும்!

ஆகவே, நிறத்தோடு சம்பந்தமில்லாத மைட்டோகாண்ட்ரியா ஜீன்களையும் பார்த்தனர். அவை பாறை நிறத்தோடு பொருந்தவில்லை. இரு பகுதி எலிகளும் கலந்தே இனம் பெருக்குகின்றன என்பது தெரிந்தது. அப்படிக் கலந்தும் நிறத்தின் ஜீன் மட்டும் பாறையைப் பின்பற்றுகிறது என்றால், அதைச் சூழ்நிலையே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு வியப்பு: நியூ மெக்ஸிகோவின் எரிமலைப் பாறைகளில் வாழும் இதே இனக் கரிய எலிகளில் அந்த மாறுதல் இல்லை. அவை வேறு வழியில் கறுத்தவை!

பூமி வெப்பமடைந்துவரும் இந்நாளில், வெப்பநிலை, மழையளவுப் பதிவுகளை மரங்களின் ஜீன்களோடு இதே முறையில் ஒப்பிடுகிறார்கள். எந்த விதை எந்த மண்ணில் பிழைக்கும் என்று முன்கூட்டியே அறிய இது உதவும். ஆனால் அங்கேயும் அந்தக் கேள்வியை மறக்கக் கூடாது: இது சூழ்நிலையின் தேர்வா, வெறும் உறவா?