மாடிப்படியின் மறுபக்கம்

மாடிப்படியின் மேல்பக்கத்தைத் தினமும் பெருக்கித் துடைக்கிறோம். பண்டிகை வந்தால் கோலம்கூடப் போடுகிறோம். அதன் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்ததுண்டா, சகோதரிகளே?

நீலகிரியில் மஞ்சூருக்குப் பக்கத்தில் உள்ள பிக்கட்டியில் என் நாத்தனார் வீடு. சின்ன வீடு, ஆகையால் மரப்படி வளைந்து வளைந்து ஏறும். படிக்குக் கீழேதான் அரிசி டின். மேலே குழந்தைகள் ஓடினால் கீழே அரிசியில் தூசி! 'மூடிவிட்டால் தீர்ந்தது' என்று, தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற சமயத்தில், பெரிய பலகைகளை அடித்து, பொருந்தாத சந்துகளில் பட்டி பூசி மூடினார்கள். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் நாத்தனாரின் மாமியார் கால் வைத்த படி 'மொளுக்'கென்று அமிழ்ந்தது. நல்ல வேளை, கைப்பிடியைப் பிடித்திருந்தார்! பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே பூஞ்சணம். ஈர மரம் மூச்சுவிட வழியில்லாமல் உளுத்துப் போயிருந்தது.

இரண்டாம் முறை ஆசாரியார் செய்த விதத்தைக் கேளுங்கள்.

வேலையை ஜனவரிக்குத் தள்ளி வைத்தார். உலர்ந்த மரத்தின் அருமைக்கு ஊட்டியிலேயே சாட்சி உண்டு. 1831-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் மாளிகையிலிருந்து வந்தவை!

முதலில் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, கிறீச்சிட்டதற்கு அடியில் ஆப்பு வைத்தார். மூடிய பிறகு கை நுழையாதல்லவா?

அடுத்து, சுவரிலிருந்து நடுக்கம்பத்துக்கு ஒரு நூலைப் பிடித்தார். நூல் நேராக நின்றது. சற்று மேலே பிடித்தார். அங்கும் நேர்தான், ஆனால் திசை கொஞ்சம் திரும்பியிருந்தது. இதுதான் சூட்சுமம்! முறுக்கிய பரப்பில் அகலப் பலகை படியாது. குறுகிய பட்டைகளை விசிறி மடிப்பைப் போல அடுக்கினால் படியும். சுவர்ப் பக்கம் அகலம், கம்பத்துப் பக்கம் குறுகல். அளவுக்குப் பழைய காகிதத்தை வெட்டி வைத்துப் பார்த்தார். (இந்த இதழை அல்ல!)

பட்டைகளின் இரு முகங்களையும் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசிய பிறகே மாட்டினார். ஒரு முகம் மட்டும் பூசினால், பூசாத முகம் ஈரத்தைக் குடித்துப் பலகை வளைந்துவிடும். மரம் ஈரத்தில் அகலவாட்டில் பருக்கும். ஆகையால் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத் தூசி விழாதபடி, பின்புறம் மெல்லிய துணி. ஆணிக்குப் பதில் திருகாணி, வேண்டும்போது கழற்றலாம். மேலும் கீழும் இரண்டு காற்றுத் துவாரங்கள், பூச்சி நுழையாமல் கம்பி வலை.

இப்போது அரிசியில் தூசி இல்லை. ஆனாலும் மாமியார் அந்தப் படிக்கு வந்ததும் ஒரு தரம் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். நீங்களும் இன்று உங்கள் வீட்டில் தட்டிப் பாருங்களேன்!