குறி ஒன்று, அறை ஒன்று

பெங்களூர் நகரிலிருந்து ஓசூர் செல்லும் பெருவழியில், சில்க் போர்டு சந்திப்பைக் கடந்ததும் பொம்மனஹள்ளி வருகின்றது. முன்னர்ச் சிற்றூராய் இருந்து, பின்னர் நகரசபையாகி, 2007-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்த பகுதி அது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஒருபுறமும், எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் வழி மறுபுறமுமாக அமைந்த இடமாதலின், பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர் பலர் அங்கே குடியிருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். கணிப்பொறிக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன்.

2020-ஆம் ஆண்டு மே மாதம், ஊரடங்கின்போது, ஊர் திரும்ப விரும்பியோரின் பட்டியலை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய 200 பேர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பதிவு. பதிவில் பெயர், வயது, மாவட்டம், தொலைபேசி எண். மாவட்டவாரியாகப் பிரித்துவிட்டால், மாவட்டத்துக்கு ஒரு வண்டியென அனுமதி பெற்று அமர்த்தலாம் என்பது எண்ணம். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் சில வரிகள் எழுதி அதனைச் செய்து முடித்தேன். தருமபுரி என்ற தலைப்பின்கீழ் 14 பேர் வந்தனர். வண்டியும் வந்தது. புறப்படும் வேளையில் மூட்டையோடு மேலும் மூவர் வந்து நின்றனர். “அண்ணா, நாங்களும் பெயர் கொடுத்தோமே!” என்றாள் அவர்களுள் ஒருத்தி. ஊரில் நோயுற்றுக் கிடந்த தந்தையைக் காணப் புறப்பட்டவள் அவள்.

அப்பெயர்கள் எங்கே போயின என்பதைக் கூறுமுன், பிரித்தல் என்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்றே காண்போம்.

அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னே சிறு சிறு அறைகள் கொண்ட மரச்சட்டம் இருக்கும். கடிதத்தின் உள்ளே இருப்பது நற்செய்தியா, கடன் கேட்டு எழுதியதா என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வழக்கிற்கு வந்த ஆறிலக்க அஞ்சல் குறியீட்டை மட்டும் நோக்குவார். 560068 என்றால் பொம்மனஹள்ளி. 560034 என்றால் கோரமங்களா. கடிதம் அதற்குரிய அறைக்குள் விழும். இங்கே அக்குறியீடு எதுவோ அதுவே ‘குறி’; நிரலாளர் ‘கீ’ என்பது இதனைத்தான்.

கணிப்பொறியும் இவ்வாறே செய்கின்றது. முதலில் அறைகளே இல்லாத வெறுஞ்சட்டம் ஒன்று. முதற் பதிவை எடுத்து அதன் குறியைப் பார்க்கின்றது. அக்குறிக்கு அறை இல்லையெனில் ஒன்றை உண்டாக்குகின்றது. பின்னர்ப் பதிவை அதில் இடுகின்றது. அடுத்த பதிவுக்குச் செல்கின்றது. புதிதாகத் தொழில் பயில்வோர் சிலர் வேறுவிதமாய் எழுதுவர்: சேலத்தாரைத் தேடி முழுப் பட்டியலையும் ஒருமுறை படிப்பது, ஈரோட்டாரைத் தேடி மறுமுறை படிப்பது என்று. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் 200 பதிவுகளை இங்ஙனம் புரட்டினால் 7,600 முறை நோக்க வேண்டும். அறை முறையில் 200 முறை போதும்.

இதில் நமக்குப் புதுமை யாதும் இல்லை என்றே சொல்வேன். அகநானூற்றின் நானூறு பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலின் எண்ணே அதன் திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். பாடலைப் படிக்காமலேயே கடைசி இலக்கத்தைக் கொண்டு ஐந்து அறைகளில் இட்டுவிடலாம். பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, மற்ற மூன்றுக்கும் நாற்பது நாற்பது என்று கணக்கும் சரியாக வரும். ஐங்குறுநூறோ ஏற்கெனவே பிரித்து வைத்த நூல். திணைக்கு நூறு பாடலாக, மருதம் முதலில் நிற்கின்றது. முன்னது குறியுடன் கலந்து கிடக்கும் வரிசை, பின்னது அறைகளில் அடுக்கிய தொகுதி. நிரலாளர் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறுவதற்கே இத்தனை பாடுபடுகின்றனர்.

ஜாவாஸ்கிரிப்ட், 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவரால் பத்தே நாளில் முதல் வடிவம் பெற்ற மொழி. அவசரத்தில் பிறந்ததன் தழும்புகள் அதில் இன்றும் உண்டு. பிரித்தலுக்கென அதில் தனிச் சொல் நெடுங்காலம் இல்லை. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த ‘ரெட்யூஸ்’ என்ற செயலைக்கொண்டு அவரவர் தாமே எழுதிக்கொண்டனர். லோடேஷ் போன்ற துணைநூலகங்களை நாடியோரும் உண்டு. பின்னர், வரிசைக்கே ‘குரூப் பை’ என்ற செயலைச் சேர்க்க முனைந்தபோது ஓர் இடையூறு நேர்ந்தது. பழைய துணைநூலகம் ஒன்று அதே பெயரை முன்னரே எடுத்தாண்டிருந்தமையால், அதனை நம்பிய இணையதளங்கள் கெட்டுவிடும் எனத் தெரிந்தது. ஆகவே அச்செயலை வரிசையிடம் வையாது, ‘ஆப்ஜெக்ட்’, ‘மேப்’ என்னும் இரண்டிடம் ஒப்படைத்து, 2024-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏற்றுக்கொண்டனர். இன்று ‘ஆப்ஜெக்ட் குரூப் பை’ என்று அழைத்து, பட்டியலையும், குறியை எடுத்துத் தரும் சிறு விதியையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

இவ்விரண்டில் எதனை ஆள்வது? ஆப்ஜெக்ட், குறி எண்ணாயினும் அதனை எழுத்துத் தொடராக்கிவிடும். மாவட்டப் பெயருக்கு அது போதும். ஆனால் அஞ்சல் குறியீடு போன்ற முழு எண்களைக் குறியாக்கினால், வந்த முறைமையை விட்டுச் சிறிய எண் முதலாக அடுக்கிக்கொள்ளும்; ஏன் இவ்வாறு மாறிற்று என்று ஒரு நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான். மேப் வந்த முறைமையைக் காக்கும்; எண்ணாகிய 1-ஐயும் எழுத்தாகிய 1-ஐயும் வேறு வேறாகவே கொள்ளும். பழைய முறையில் வெற்று ஆப்ஜெக்டைத் தொடக்கமாகக் கொள்வோர்க்கு இன்னொரு பொறி உண்டு. வெறுமையென நாம் எண்ணும் அது, ‘கன்ஸ்ட்ரக்டர்’ முதலிய சில பெயர்களைப் பரம்பரைச் சொத்தாகத் தாங்கியே பிறக்கின்றது. அப்பெயரே குறியாக வருமாயின், அறை முன்னரே உள்ளதென மயங்கி நிரல் இடறும். புதிய குரூப் பை தருவது அப்பரம்பரை அற்ற ஆப்ஜெக்ட்.

இனி, அந்த மூவரிடம் வருவோம். அவர்கள் தொலையவில்லை. பட்டியலிலேயே இருந்தனர். பதினால்வர் ‘தருமபுரி’ என எழுதியிருந்தனர். இம்மூவர் ‘தர்மபுரி’ என எழுதியிருந்தனர். நமக்கு ஓர் ஊர்; கணிப்பொறிக்கு இரண்டு குறி, இரண்டு அறை. நான் ஓர் அறையைத் திறந்து எண்ணிவிட்டு மற்றதைப் பாராமலே வண்டி அமர்த்தினேன். பிழை என்னுடையதே. நான்கு நாட்களுக்குப் பின்னரே அவர்களை அனுப்ப முடிந்தது. தந்தையை உயிருடன் கண்டார்கள் என்று செய்தி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதன்பின் குறியைப் பட்டியலில் உள்ளபடியே நான் எடுத்துக்கொள்வதில்லை. முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தை நீக்குகின்றேன். வழங்கும் பெயர் வடிவங்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறு அகராதி ஒன்றையும் வைத்திருக்கின்றேன். தமிழுக்கே உரிய மற்றொரு நுட்பமும் உண்டு. ‘ஈரோடு’ என்பதில் உள்ள ‘ரோ’வின் உயிர்க்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ‘ரே’யின் கொம்பும் பின்னர்க் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலோ இருவேறு ஈரோடுகளைக் காணும். ‘நார்மலைஸ்’ என்ற செயல் இரண்டையும் ஒருவடிவாக்கும். கோயம்புத்தூர்க்காரரும் இதனை நினைவிற் கொள்க.

மாவட்டத்தை எழுதாமலே விட்டவர்களின் பதிவுகள் ‘அன்டிஃபைன்டு’ என்ற பெயரில் ஓர் அறையில் சென்று சேரும். பொங்கலுக்கு ஊர் செல்வோரின் பட்டியலை இப்போதும் நானே பிரிக்கின்றேன். பிரித்தவுடன் முதலில் திறப்பது அவ்வறையை. அடுத்து, ஒருவரே இருக்கும் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சென்ற முறை அத்தகைய அறை ஒன்றின்மேல் ‘அம்மா வீடு’ என்று இருந்தது. தொலைபேசியில் கேட்டேன், அரூர் என்றார்கள். தருமபுரி வண்டியில் ஓர் இடம் சேர்த்தேன்.