புதுப் பூச்சில் பழைய கடிகாரம்

உங்கள் வீட்டு அலமாரியில் மாமனாரின் பழைய ஜப்பான் கைக்கடிகாரம் தூங்குகிறதா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள்! 1963-ல் வந்த ‘ஸீகோ 5’ போன்றவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பலர். சாவி கொடுக்க வேண்டாம். கை அசைவிலேயே ஓடும். விலையும் ஸ்விஸ் கடிகாரங்களைப் போல் மலைக்க வைப்பதில்லை.

கடையில் வாங்கப் போகிறீர்களா? முகப்பு பளபளவென்றிருந்தால் சற்றே சந்தேகப்படுங்கள், அம்மணி! பழைய முகப்புக்குச் சாயம் பூசி விற்பது நம் நாட்டில் சகஜம். எழுத்துக்கள் தடித்துக் கோணியிருந்தால் பூச்சுதான். மங்கினாலும் அசல் முகமே மேல். முதுகு மூடியையும் திருப்பிப் பாருங்கள். ஸீகோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். ‘6’ என்றால் 1966-ஆகவும் இருக்கலாம், 1976-ஆகவும் இருக்கலாம்!

செங்கற்பட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போகிறவர்களே, அதைக் கட்டிக்கொண்டு அலையில் இறங்காதீர்கள். உள்ளேயுள்ள ரப்பர் வளையம் இறுகிப் போயிருக்கும். உப்புநீர் புகுந்தால் இயந்திரம் துருவேறிவிடும்.

செலவு இன்னும் குறைய வேண்டுமா? ஜப்பானின் ஸிடிஸன் கம்பெனிக் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் பழைய ‘ஜனதா’வைத் தேடுங்கள். அதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். காலையில் பால் பொங்குவதற்குள் கொடுத்துவிடலாம்!