பழைய ஸ்டீரியோப் பெருக்கியின் உள்ளுறுப்புகளை மாற்றுதல்

வீட்டில் இசை கேட்போர் இசைத்தட்டைப் பற்றிப் பேசுவர்; ஒலிபெருக்கிப் பெட்டியைப் பற்றியும் பேசுவர். இவ்விரண்டிற்கும் இடையே நின்று உழைக்கும் கருவியை நினைப்போர் சிலரே. 'ஒலிபெருக்கி' என்னும் நல்ல பெயரை ஒலியை வெளியிடும் கருவி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகையால், மெல்லிய மின்குறியைப் பெரிதாக்கித் தரும் கருவி மக்கள் வழக்கில் ஆம்ப்ளிஃபயர் என்றே நின்றுவிட்டது. பாடநூல்கள் அதனைப் 'பெருக்கி' என்கின்றன. இங்கும் அச்சொல்லே ஆளப்படுகின்றது.

பழைய பெருக்கியை வாங்கி உள்ளுறுப்புகளை மாற்றி மேம்படுத்துவது இன்று பல நாடுகளில் பரவியுள்ள பொழுதுபோக்காகும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதே இதில் எழும் வினா. இதற்கு விடைகாண நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் டேவிட் ஹாஃப்ளரின் டைனாகோ நிறுவனம் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஸ்டீரியோ 70' ஆகும். வால்வுகளால் இயங்கும் இப்பெருக்கி பக்கம் ஒன்றுக்கு 35 வாட் ஆற்றல் தரும். உதிரி உறுப்புகளாகவே இது பெரிதும் விற்கப்பட்டது. வாங்கியவரே ஈயம் பற்றவைத்து வீட்டு மேசையில் பூட்டிக்கொண்டார். இலட்சக்கணக்கில் விற்றமையால் இன்றும் பல வீடுகளில் உழைத்து வருகின்றது.

இக்கருவியின் செல்வம் அதன் மின்மாற்றிகளே. வெளியீட்டு மின்மாற்றியை வால்வோடு இணைக்கும் புதுமுறை ஒன்றை ஹாஃப்ளரும் ஹெர்பர்ட் கீரோஸும் 1951இல் விளக்கி எழுதினர். அவ்வழியில் வந்தவை இவை. செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் ஆன மின்மாற்றிக்கு, வரம்பு மீறிச் சூடேறாதவரை, மூப்பு எளிதில் வருவதில்லை. மூப்படைவன அதனைச் சூழ்ந்த மலிவான சிறு உறுப்புகள். அவை கெடும்போது தாம் மட்டும் கெடுவதில்லை, மின்மாற்றியையும் எரித்துவிடுகின்றன. மேம்படுத்துதல் என்பது முதலாவதாக இச்செல்வத்தைக் காப்பதாகவே இருத்தல் வேண்டும். இனிய ஒலி அதற்கு அடுத்ததே.

கேடு வரும் வழி இது. இ.எல்.34 என்னும் வெளியீட்டு வால்வு அளவோடு மின்னோட்டம் கொள்வதற்கு, அதன் கட்டுப்பாட்டு வலையில் எதிர் மின்னழுத்தம் இருத்தல் வேண்டும். குதிரைக்குக் கடிவாளம் போன்றது அது. ஸ்டீரியோ 70இல் இவ்வழுத்தத்தைத் தருவது செலினியத்தால் ஆன ஒரு சிறு திருத்தி. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் உள்தடை உயர்கின்றது, கடிவாளம் தளர்கின்றது, வால்வின் தகடு சிவக்கக் காய்கின்றது. சில வேளைகளில் செலினியமே எரிந்து நாற்றமும் நச்சுப் புகையும் கிளப்பும். காசளவே விலையுள்ள சிலிக்கன் டயோடு ஒன்றை அவ்விடத்தில் வைத்து, அருகிலுள்ள தேக்கிகளையும் புதுப்பித்தால் இவ்வச்சம் நீங்கும். முன்வால்வுக்கும் வெளியீட்டு வால்வுக்கும் நடுவே நிற்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் இணைப்புத் தேக்கிகளும் இவ்வாறே. அவை கசிந்தால் நேர் மின்னழுத்தம் வலையை அடைந்து அதே தீங்கைச் செய்யும்.

அடுத்தது மின்வழங்கியின் பெரிய தேக்கி. ஓர் அலுமினியக் குவளைக்குள் 30, 20, 20, 20 மைக்ரோ ஃபாரட் என நான்கு பகுதிகள் அடங்கியது. உள்ளிருக்கும் மின்பகுநீர் உலர்ந்தபின் இரைச்சல் எழும். இதனை மாற்றுவது முறையே. ஆனால், பெரியது நல்லது என்று எண்ணி 100 மைக்ரோ ஃபாரட்டை முதற்பகுதியில் வைப்போர் உளர். இங்கேதான் ஆர்வம் அறிவை முந்திவிடுகின்றது. மின்னோட்டத்தைத் திருத்தும் ஜி.இசட்.34 வால்வுக்கு அதனைச் செய்தோர் குறித்த உச்ச அளவு 60 மைக்ரோ ஃபாரட். அதனை மீறினால் தேக்கி நிரம்பும் வேகத்தில் வால்வுக்குள் தீப்பொறி பறக்கலாம்.

மின்தடைகளை மறந்துவிடலாகாது. பழைய கரிக்கலவைத் தடைகளின் மதிப்பு காலப்போக்கில் ஏறும். ஒவ்வொரு பக்கத்திற்கும் 15.6 ஓம் தடை ஒன்றுண்டு. அதன் இருமுனைகளிலும் 1.56 வோல்ட் காட்டினால் இரு வால்வுகளும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் கொள்கின்றன என்பது கணக்கு. புதிய உலர் மின்கலத்தின் அழுத்தமும் ஏறத்தாழ இதுவே. அளவுமானியை அதில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி இதனால் கிடைத்தது. அழகிய ஏற்பாடு! ஆனால், அத்தடை 18 ஓமாக ஏறியிருந்தால் அதே 1.56 வோல்ட் ஏறக்குறைய 87 மில்லி ஆம்பியரையே குறிக்கும். இரு வால்வுகளில் ஒன்று மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் உண்பதையும் இம்முறை காட்டாது. ஆகவே வால்வுக்கு ஒரு 10 ஓம் தடையாகத் தனித்தனியே பொருத்துவது, செலவு குறைந்த, பயன் மிகுந்த திருத்தம்.

வெள்ளித் தகடு, எண்ணெய்க் காகிதம் எனப் பெருவிலைக்கு விற்கும் இணைப்புத் தேக்கிகளைப் பற்றிய வாதம் ஓய்வதில்லை. மதிப்பும் மின்னழுத்தத் தாங்குதிறனும் ஒத்த நல்ல பாலிப்ரொப்பிலீன் தேக்கி கசிவின்றித் தன் கடமையைச் செய்யும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் உறைக்கும் பெயருக்கும் கொடுப்பதாகும். அப்பணத்தில் நல்ல வால்வுகள் நான்கு வாங்கலாம்.

இப்பெருக்கியினுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் தேக்கிகளில் அது தங்கி நின்று உயிரைக் குடிக்கவல்லது. தக்க தடை ஒன்றின் வழியே அதனை வடித்து, அளவுமானியால் உறுதி செய்துகொண்ட பின்னரே கைவைத்தல் வேண்டும். பழகாதவர் இப்பணியைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுவதில் இழுக்கில்லை.

உறுப்புகளை மாற்றி முடித்தபின் ஒலிபெருக்கியையோ ஈடான தடையையோ இணைத்து, வால்வுகளின் மின்னோட்டத்தைச் சரிசெய்தல் வேண்டும். முதல் அளவீட்டை அப்படியே நம்பலாகாது. கருவி சூடேறச் சூடேற அளவு நகரும். அரை மணி நேரம் சென்று மீண்டும் அளந்து, தேவையானால் திருகைச் சிறிது திருப்பி, அடுத்த நாள் இன்னொரு முறை அளப்பதே வழக்கம்.