கூரைக்கு ஏறும் ஸ்பீக்கர்கள்

கூரைக்குக் கான்கிரீட் போடும் முன் மறக்காமல் வைக்கச் சொல்வது மின்விசிறிக் கொக்கி. வீட்டுக்குள்ளேயே தியேட்டர் அமைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது ஸ்பீக்கர் வயருக்கும் சேர்த்துக் குழாய் பதிக்கச் சொல்கிறார்கள். கூரையில் ஸ்பீக்கருக்கு என்ன வேலை?

டால்பி நிறுவனம் 2012-இல் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்த 'அட்மாஸ்' முறை, 2014-இல் வீடுகளுக்கும் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ஓசையும் இடது, வலது, பின்புறம் என ஏதாவது ஒரு சேனலில் அடைபட்டிருந்தது. அட்மாஸில் ஒரு ஹெலிகாப்டரின் இரைச்சலோடு, அது அறையில் எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். அதைப் படித்து எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது ரிசீவர். '5.1.4' என்றால் காது மட்டத்தில் ஐந்து, சப்வூஃபர் ஒன்று, தலைக்கு மேல் நான்கு.

இடத்தை அடைக்கிறதே என்று பக்கவாட்டு ஸ்பீக்கர்களையும் கூரைக்கு ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் காரியம் கெடுகிறது. இடமா வலமா என்பதை, ஒலி இரு காதுகளையும் எட்டும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. மேலா கீழா என்பதைச் சொல்வது காதுமடலின் மடிப்புகள். கண்ணை மூடி, தலையை அசைக்காமல் உட்கார்ந்து, ஒருவரைச் சாவிக்கொத்தை முன்னாலும் உச்சந்தலைக்கு மேலும் குலுக்கச் சொல்லுங்கள். பிறகு காதுமடல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு கேளுங்கள், உயரம் குழம்பும். காது இவ்வளவு நுட்பமாகப் பிரிப்பதால்தான், எல்லாமே மேலிருந்து வந்தால் 'சுற்றிலும்' என்பதற்கும் 'மேலே' என்பதற்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

சரி, மேலே எங்கே? ஃபால்ஸ் சீலிங் ஒன்பதடி உயரம், உட்கார்ந்தவர் காது மூன்றரை அடி என்றால் இடைவெளி ஐந்தரை அடி. காதிலிருந்து 45 பாகைக் கோணம் வேண்டுமானால், காதுக்கு நேர் மேலிருந்து அதே ஐந்தரை அடி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சோபா பின்சுவரை ஒட்டியிருந்தால் பின்னால் போக இடமேது? இரண்டோடு நிறுத்தி, தலைக்குச் சற்று முன்னால் வைப்பது மேல்.

ஃபால்ஸ் சீலிங்கில் வட்டமாக வெட்டிப் பொருத்தும் ஸ்பீக்கர்கள், தங்கள் கொக்கிகளால் ஜிப்சம் பலகையையே கவ்வி நிற்கும். எடை கூடினால் மேலேயுள்ள கான்கிரீட்டிலிருந்து கம்பி கட்டித் தாங்க வேண்டும். துளையிடும் முன், தளத்துக்குள் ஓடும் கரண்ட் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். பின்பக்கம் பெட்டி உள்ள ஸ்பீக்கராக வாங்கினால் மாடிவீட்டுக்காரர் பிழைப்பார்.

மின்விசிறிக் கொக்கி இருக்கும் இடம் அறையின் நடு. விசிறி சுழன்றால் அதன் காற்றிரைச்சல் மெல்லிய ஓசைகளை விழுங்கும். இறக்கைகளுக்கு மேல் ஸ்பீக்கர் அமைந்துவிட்டால் ஒலி துண்டுதுண்டாக நடுங்கும். ஸ்பீக்கருக்கோ நடு என்பது நீங்கள் உட்காரும் இடம். ஆகவே கான்கிரீட் கலவை வந்து இறங்கும் முன்பே, சோபா எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள்.