தலை மறைந்த திருகாணி

அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் ‘லாங்-ஈஸி’ விமானம் 1979இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் வரைபடங்களை வாங்கிப் பலர் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையிலேயே அதைக் கட்டினார்கள். நுரைப் பலகையை இறக்கை வடிவில் வெட்டி, அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, ஈபோக்ஸி பிசின் பூசி இறுகவிட்டால் இறக்கை உருவாகும். ஆனால், கழற்றி மாட்ட வேண்டிய மூடிகளுக்குத் திருகாணி தேவை. அதன் தலை வெளியே துருத்தக்கூடாது.

ஏன்? விமானத்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடுகிறது. சிறிய மேடு இருந்தாலும் அதன் சீரான ஓட்டம் கலைந்து, இழுவை விசை கூடும். வேகம் இருமடங்கானால் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ரூட்டனின் சில விமானங்களில் முன்புறச் சிறு இறக்கைமீது மழைத்துளிகள் படிந்தபோதே தூக்குவிசை குறைந்து, மூக்கு தாழ்ந்தது. பின்னர் அந்த இறக்கைக்கு வேறு வடிவம் தரப்பட்டது.

அப்படியானால் கூம்புக் குழி தோண்டித் தலையைப் புதைத்துவிடலாமே? இங்குதான் சிக்கல். கண்ணாடி இழைத் தோல் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. 4 மில்லிமீட்டர் திருகாணியின் தலைக்கோ ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். குழி தோண்டினால் பாரம் தாங்கும் இழைகளே அறுந்துபோகும். திருகாணியை இறுக்கும்போது கூம்புத் தலை மரத்தில் இறங்கும் ஆப்பைப் போலத் துளையின் விளிம்பைப் பிளக்கும். அடியில் உள்ள நுரையும் நசுங்கும்.

இதற்குத் தீர்வு உண்டு. திருகாணி வரும் இடத்தில் நுரையைச் சுரண்டி எடுத்து, பஞ்சு இழை கலந்த ஈபோக்ஸியை நிரப்புவார்கள். மேலே கூடுதல் துணி அடுக்குகளை ஒட்டித் தோலைத் தடிப்பாக்குவார்கள். தலைக்கு அடியில் கூம்பு வடிவ வாஷர் வைப்பார்கள். குழியின் கோணமும் தலையின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். விமானத் திருகாணிகளில் அது பெரும்பாலும் 100 பாகை; கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணிகளில் 90 பாகை. மாற்றிப் போட்டால் தலை ஒரு விளிம்பில் மட்டுமே அழுத்தும். அங்கே விரிசல் தொடங்கும்.

மாணவர்களே, அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது என்று படித்திருப்பீர்கள். வாஷரும் தடித்த தோலும் அந்தப் பரப்பளவைத்தான் கூட்டுகின்றன. விசை அதேதான், தாங்கும் இடம் மட்டும் அகலமாகிறது. காற்றுக்குத் தடையில்லாமலும் இழைகளுக்குச் சேதமில்லாமலும் திருகாணி அமர்வதற்கு இந்த எளிய சூத்திரமே அடிப்படை.